900 மணி நேரத்தில் மொழிக்கு எத்தனை?

(நீண்ட பதிவு. சமூகப்பணித் துறையில் பயிலும், பயிற்றுவிக்கும் நண்பர்கள் பொறுமையுடன் படித்து மறுத்துரைத்தால் மகிழ்வேன்.)

அமெரிக்காவில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற விரும்பும் மாணவர் குறைந்தது 900 மணி நேரம் களத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்நாட்டில் இப்படிப்புக்கு ஏற்பளிக்கும் சமூகப்பணிக் கல்விக் குழுவின் விதி இது. அந்த நேரத்தில் ஒரு பகுதியை வேறொரு நாட்டில் கழிக்கவும் சில பல்கலைக்கழகங்கள் வழிசெய்து தருகின்றன. அவ்வாறு இந்தியா வருவோரில் சிலர் மும்பைக்கும், மும்பைக்கு வருவோரில் சிலர் தாராவிக்கும் வந்து சேர்கின்றனர். எட்டு வாரம், பத்து வாரம் தங்குகின்றனர். வருகைப் பதிவு, வாராந்தர அறிக்கை, மேற்பார்வையாளர் கையொப்பம் என அனைத்திற்கும் படிவம் உண்டு. மக்களிடம் பேசப்போவது எந்த மொழியில், அதனை மாணவர் எந்த அளவு அறிவார் என்று கேட்கும் கட்டத்தை மட்டும் நான் பார்த்த படிவங்களில் கண்டதில்லை.

பன்னாட்டுக் களப்பயிற்சியே கூடாது என்பவர் பக்கம் நான் நிற்கவில்லை. ஊர் விட்டு ஊர் சென்று கற்பது கல்வியின் பழைய வழிகளுள் ஒன்று. மக்களின் மொழியை ஒரு சொல்லும் கல்லாமல் கழியும் மணி நேரங்களைக் களப்பணி என்று கணக்கில் எழுதுவதையே எதிர்க்கிறேன். மொழி கற்கச் செலவிடும் நேரத்தைக் களப்பணியாகக் கணக்கிட மறுப்பதையும் எதிர்க்கிறேன். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மொழியியலில் முதுகலை முடித்து, மும்பையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தாராவித் தமிழரின் பேச்சுமொழி என் ஆய்வோடு தொடர்புடையது. ஆகவே, அங்குள்ள தொண்டு நிறுவனம் ஒன்று அழைக்கும்போதெல்லாம், வெளிநாட்டு மாணவர் பொருட்டு மகளிர் குழுக் கூட்டங்களில் மொழிபெயர்த்து வந்திருக்கிறேன். நான் செல்லாத நாட்களில் அப்பணி களப்பணியாளர் ஒருவர் தலையில் விழும். அவருக்குத் தமிழும் இந்தியும் சரளம். ஆங்கிலம் அத்துணை இல்லை. எனவே தமிழ் முதலில் இந்தியாகும். அந்த இந்தி மற்றொருவர் வாயில் ஆங்கிலமாகி மாணவரின் குறிப்பேட்டை அடையும்.

இந்தப் பயணத்தில் எது தொலைகிறது? ஒரு கூட்டத்தில் பெண்ணொருவர், “அந்த வீட்டுப் பிள்ளைய ஸ்கூல்ல அடிச்சாங்களாம்” என்றார். வினையின் இறுதியில் நிற்கும் ‘ஆம்’ என்னும் ஒட்டு, ‘நான் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டது’ என்று பேசுபவரின் பொறுப்பை வரையறுத்துவிடுகிறது. அடித்தார்கள், அடித்தார்களாம் ஆகிய இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு தமிழ் பேசும் சிறு குழந்தைக்கும் தெரியும். இந்தியில் இதற்கு நிகரான வினையொட்டு இல்லை. ‘சுனா ஹை’ என்று தனியே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சிற்றறையில் அதனைச் சேர்க்க யாருக்கு நேரமிருக்கிறது? ஆங்கிலக் குறிப்பில் செவிவழிச் செய்தி நேர்சாட்சியாகிவிட்டது. குடியிருப்புக்கு உரியவர் யார் என்பதைக்கூடத் தாள்கள் தீர்மானிக்கும் பகுதி அது. யார் எதைக் கண்டார், யார் எதைக் கேட்டார் என்பது அங்கே இலக்கண நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இன்னொன்று, நாமும் நாங்களும். கேட்பவரை உள்ளடக்கும் தன்மைப் பன்மை ஒன்று, விலக்கும் தன்மைப் பன்மை மற்றொன்று. ஒரு குடும்பத் தகராறு பற்றி மாணவி ஒருவர் அக்கறையோடு விசாரித்தபோது, குழுத் தலைவி, “நாங்க பாத்துக்கிறோம்மா” என்றார். பண்போடு கதவைச் சாத்தும் தொடர் அது. இந்தியில் இரண்டிற்கும் ‘ஹம்’தான், ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். மாணவியின் அறிக்கையில் அது ‘நாம் சேர்ந்து தீர்வு காண்போம்’ என்னும் பொருளில், மக்களின் நம்பிக்கையைப் பெற்றமைக்குச் சான்றாக இடம்பெற்றது. அம்மாணவி நேர்மையானவர், கடின உழைப்பாளி. ஆயினும் ‘இது எங்கள் பாடு’ என்று சொல்லப்பட்டதைத் தமக்கான அழைப்பாகக் கேட்டிருக்கிறோம் என்பதை அறிவதற்கான வழியையே அவருடைய பயிற்சி அவருக்குத் தரவில்லை. பின்னர் அவருடைய இசைவோடு அப்பகுதியைத் தலைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். “நாங்கன்னுதான சொன்னேன்?” என்று சிரித்தார் அந்த அம்மாள்.

வியப்பு என்னவெனில், இந்த மாணவர்கள் தம் நாட்டில் கற்கும் அறநெறி இதற்கு நேர்மாறானது. சேவை பெறுபவருக்கு மொழி விளங்காவிடில், இயன்றபோதெல்லாம் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுமாறு அமெரிக்கச் சமூகப்பணியாளர் தேசியச் சங்கத்தின் அறநெறித் தொகுப்பு பணிக்கிறது. உடல்நலத் துறைக்கென அந்நாட்டரசு 2016இல் வெளியிட்ட விதிகள், நெருக்கடி வேளை தவிரச் சிறுவர்களை மொழிபெயர்க்கச் சொல்லி அவர்களை நம்பியிருத்தலாகாது என்றன. இங்கேயோ, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் டியூஷனை விட்டுவிட்டு, தன் தாயின் கருப்பை நோயை அந்நியர் ஒருவருக்கு அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருப்பாள். விமானம் ஏறியதும் அறநெறி இறங்கிக்கொள்ளுமா?

இது புதிய கேள்வியும் அன்று. 1968 ஏப்ரலில், கோடைத் தொண்டிற்காக மெக்சிகோ செல்லவிருந்த வட அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் உரையாற்றினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். அதனை மேற்கோள் காட்டுவோர் பலர். அவர் அந்நாட்டின் குவெர்னவாக்காவில் வெளிநாட்டவருக்குத் தீவிர ஸ்பானிய மொழிப் பயிற்சி அளிக்கும் மையத்தை நடத்தியவர் என்பதைச் சொல்வோர் சிலரே. எனக்கு அந்த உரையைவிட அந்த வகுப்பறையே பெரிதாகப் படுகிறது.

எட்டு வாரத்தில் எந்த மொழியைக் கற்பது என்று துறைசார் நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அமெரிக்க அமைதிப் படை தன் தன்னார்வலரை இரண்டாண்டுப் பணிக்கு அனுப்புமுன் ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் வாழ்முறையும் பயிற்றுகிறது. எட்டு வாரம் அதற்குப் போதாது என்றால், அது எட்டு வாரத் திட்டத்திற்கு எதிரான வாதமேயன்றி மொழிக்கு எதிரான வாதமாகாது. தவிர, எட்டு வாரத்தில் நன்னூல் கைவராது. ‘நாங்க’, ‘நாம’ கைவரும். நம் மாணவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமாயின் டோஃபெல், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வொன்றில் மதிப்பெண் காட்ட வேண்டியிருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டவரை மட்டும் குறைசொல்வது எளிது. 2011 கணக்கெடுப்பு, பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் பேசுவனவாக 121 மொழிகளைப் பட்டியலிட்ட நாடு இது. தில்லியில் படிக்கும் மாணவர் ஒடிசாவில் குய் பேசும் மலையூருக்கும், மும்பையில் படிப்பவர் சத்தீசுகரில் கோண்டி பேசும் சிற்றூருக்கும் களப்பயிற்சிக்குச் செல்லும்போது, மாநில ஆட்சிமொழி தெரிந்தால் போதும் என்றே நாம் விட்டுவிடுகிறோம். அங்கும் யாரோ ஓர் அங்கன்வாடிப் பணியாளர் இடையில் நின்று மொழிபெயர்க்கிறார்.

அந்த ‘யாரோ’ பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்பினிக் காலத்தில் இடைநின்று மொழிபெயர்த்தவருக்குத் துபாஷி என்று பெயர். பதவி உண்டு, பணம் உண்டு, செல்வாக்கும் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்று வரலாற்று ஆவணம். இன்றைய துபாஷி, தன் அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறார், ஊதியம் இல்லை, அறிக்கையின் நன்றியுரையில் ‘உள்ளூர் ஊழியர்கள்’ என்னும் பன்மைக்குள் மறைந்துபோகிறார். இரவு வீடு திரும்பியபின் அண்டை வீட்டார் அவரிடம், “எங்க கதைய என்னன்னு சொன்ன?” என்று கேட்பார்கள். மாணவர் பத்தாம் வாரத்தில் போய்விடுவார். பதில் சொல்ல மிஞ்சியிருப்பவர் இவரே.

ஆகவே பயிற்சி நேரத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை மொழி கற்பதற்கென ஒதுக்கி, அதைக் களப்பணியாகவே கணக்கிடுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு அனுப்பும் பல்கலைக்கழகம் ஊதியம் தரட்டும்; அவர் விரும்பினால் அறிக்கையில் பெயரும் இடம்பெறட்டும். அறிக்கையை ஒப்படைக்குமுன் மக்கள் மொழியில் அவர்கள்முன் ஒருமுறை வாசிக்க வேண்டும். இதில் செலவு மிகக் குறைவு, சங்கடம் மிக அதிகம். அதனாலேயே இம்மூன்றனுள் இதனை முதலில் வலியுறுத்துவேன்.

சனவரியில் வரவிருக்கும் குழுவிற்காக, முதல் பத்து நாட்களுக்குரிய பேச்சுத்தமிழ்ப் பாடங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஆம்’ மூன்றாம் நாள் வருகிறது. வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள். மராத்திக்கும் தாராவி இந்திக்கும் இதுபோல் எழுதக்கூடியவர் எவரேனும் தெரிந்தால் சொல்லுங்கள்.