யாருக்காக ஆட வேண்டும்?

2018-ல் வெளிவந்த ‘கனா’ என்னும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விடாத வீடு நமது சமயபுரம் பக்கத்தில் அபூர்வம் என்றே சொல்லலாம். குளித்தலை விவசாயி ஒருவரின் மகள் ஆண்பிள்ளைகளோடு கிரிக்கெட் பழகி, தாயின் தடையையும் ஊராரின் ஏச்சையும் மீறி இந்திய அணியில் ஆடுவதுதான் கதை. படத்தைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால், கண்ணீரைத் துடைத்த கையோடு, “பொழுது போன பிறகு பொட்டைப்பிள்ளைக்குத் தெருவில் என்ன வேலை?” என்று தன் மகளை உள்ளே அழைக்கும் தகப்பன்மார்களைத்தான் கேட்கின்றோம்.

அந்தக் கதைப்பெண் ஏன் ஆடுகிறாள்? இந்திய அணி தோற்றதற்காக அழுத தகப்பனைச் சிரிக்க வைப்பதற்காகவாம்! தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பெண் ஆடக் கூடாதா? ஆண்பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், “யாருக்காக ஆடுகிறாய்?” என்று எந்த வீட்டிலாவது கேட்பதுண்டா?

இது நம் நாட்டுப் புத்தி மாத்திரமல்ல. அமெரிக்காவில் 1943-ல், ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டால் பேஸ்பால் மைதானம் காலியாகிவிடுமே என்று பெண்களைக் கொண்டு பந்தயம் நடத்தினார்கள். பாவாடையோடுதான் ஆட வேண்டும், நாகரிகமாய் நடக்கப் பழக வேண்டும் என்று உத்தரவு வேறு! கறுப்பினப் பெண்களுக்கோ அதிலும் இடமில்லை. 1954-ல் கடையைக் கட்டியாயிற்று. பிறகு அதையே 1992-ல் திரைப்படமாகவும், 2022-ல் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்து, “அந்தக் காலம்” என்று உருகினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சமயபுரத்தையே பாருங்கள். மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள், பக்தர்களின் நலத்துக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி இருப்பதாகச் சொல்லுகிறார்கள். தெய்வமென்று கும்பிட்டாலும், பெண்ணாயிருந்தால் பிறருக்காகத்தான் வாடவேண்டும் என்பதல்லவா இதன் தாத்பரியம்?

“பெண்ணுக்கு உடல் வலு ஏது?” என்பார்கள். கிரிக்கெட் உலகக் கோப்பைப் பந்தயத்தை முதன்முதல் ஆடியவர்களே பெண்கள்தான். அது 1973-ல். ஆண்களின் பந்தயம் 1975-ல்தான் வந்தது. அந்தக் கோப்பைப் பந்தயத்தில் நூறு ஓட்டம் எடுத்த முதல் இந்தியப் பெண், சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி. 2013-ல் நடந்த இந்த விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 நவம்பர் 2-ந் தேதி இந்தியப் பெண்கள் கோப்பையையே வென்றுவிட்டார்கள். அப்படியிருந்தும், ஆண்களுக்குச் சமமாக இவர்களுக்கும் ஆட்டச் சம்பளம் கொடுப்பதென்று முடிவானது 2022-ல்தான். வலு இல்லாதது பெண்ணின் உடலிலா, கொடுக்கிறவர்கள் மனத்திலா?

ஆகவே தோழர்களே! படம் பார்த்து அழுவதில் பிரயோஜனம் இல்லை. பெண் பெரியவளானதும் பந்தைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுக்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் மகன் அடுப்பங்கரையைப் பார்த்துக் கொள்ளட்டும். மகள் மைதானத்துக்குப் போகட்டும். அவள் கோப்பை கொண்டுவர வேண்டாம், குடும்ப மானத்தையும் தேச மானத்தையும் காப்பாற்ற வேண்டாம், தோற்றே வரட்டும். ஆசைப்பட்டாள், ஆடினாள் என்ற ஒரு காரணம் ஆணுக்குப் போதுமென்றால், பெண்ணுக்கு மட்டும் ஏன் போதாது?