மந்தன் என்ற பெயரும் பத்தரை மணி நேரமும்



சென்ற மாதம் இறுப்பிட்டியில் ஒரு பெண்கள் குழுவோடு கதைத்துக் கொண்டிருந்தேன். 1991 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்து, ஊர் ஊராய் அலைந்து, பிறகு மீளக் குடியேறியவர்கள்தான் அங்கே அதிகம். சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்ததும் கதை வேறு பக்கம் திரும்பியது. 2009 இல் கணவனை இழந்த ஒரு தங்கை சொன்னாள்: "அக்கா, எனக்கு ஏழரைச் சனி நடக்கேக்கதான் அவர் போனவர். என்ர சனிதான் அவரை விழுங்கினது எண்டு மாமி இண்டைக்கும் சொல்லுறா. ஒரு நல்ல காரியத்துக்கும் என்னைக் கூப்பிடுறேல்லை." பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர், "அது மந்தன், பிள்ளை. பிடிச்சால் லேசில விடாது" என்றார்.

அந்த மந்தனைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். அந்தப் பெயரில் பிழையில்லை. சூரியனை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் வேண்டும். ஓர் இராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை. முன்னோர் வெறுங்கண்ணால் பார்த்துப் பிடித்த கணக்கு இது. ஆனால் தன்னைத்தானே சுற்றுவதில் இந்த மந்தன் பூமியைவிட வேகக்காரன். நாங்கள் இரவு ஏழு மணிக்குப் படுத்து, விடிய ஐந்தரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவதற்குள் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் முடிந்துவிடும். அதன் நடுக்கோட்டுப் பகுதி மணிக்குச் சுமார் 36,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பூமியின் நடுக்கோடு சுமார் 1,670. அந்த வேகத்தில் சனி நடுவில் பிதுங்கி, மேலும் கீழும் தட்டையாகிவிட்டது. வியாழன் இன்னும் வேகம்: பத்து மணித்தியாலம்கூட ஆவதில்லை.

வியாழனின் கணக்குத் தெளிவு. சனியினதுதான் ஆராய்ச்சியாளரைப் படாத பாடு படுத்தியது. ஆட்டுக்கல் குழவியில் ஒரு பொட்டு வைத்தால் எத்தனை சுற்று என்று எண்ணலாம். பூமியும் அப்படித்தான், கல்லும் மண்ணும். சனி பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும். ஒடியற் கூழ் கிண்டும்போது பாருங்கள், நடுவில் ஒரு வேகம், பானை ஓரத்தில் இன்னொரு வேகம். எதை எண்ணுவது? 1876 இல் அசாப் ஹால் என்பவர் சனியின் மேல் தோன்றிய வெள்ளைப் பொட்டு ஒன்றைப் பார்த்து 10 மணி 14 நிமிடம் என்று கணித்தார். அது நடுக்கோட்டு மேகத்தின் வேகம். உள்ளே இருப்பதன் வேகம் அல்ல.

1980, 81 இல் வொயேஜர் விண்கலங்கள் சனியிலிருந்து வரும் வானொலி அலைகளை அளந்தன: 10 மணி 39 நிமிடம். சரி, முடிந்தது என்று பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. 2004 இல் கசினி விண்கலம் அங்கே போய் அதே அலையை அளந்தால் ஆறு நிமிடம் கூட! அவ்வளவு பெரிய கோள் இருபது வருடத்தில் ஆறு நிமிடம் களைத்துப்போக முடியாது. அந்த அலைகள் கோளின் உட்பகுதியோடு ஒத்துச் சுழல்வதில்லை என்பது பிறகு விளங்கியது.

கடைசியில் வழி காட்டியது வளையம். மா ஆட்டும்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் அதில் சிற்றலை எழும் அல்லவா? சனியின் உள்ளே நடக்கும் அதிர்வுகளும் அதன் வளையத்தில் அலைகளாகப் பதிகின்றன. கசினி 2017 இல் சனிக்குள் விழுந்து எரிந்துபோகுமுன் அனுப்பிய தரவுகளில் அந்த அலைகளைப் படித்து, 2019 இல் கணக்கு வெளியிட்டார்கள்: 10 மணி 33 நிமிடம் 38 செக்கன். இதிலும் ஓரிரு நிமிடம் கூடக்குறைய இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சனியின் ஒருநாளின் நீளத்தையே இவ்வளவு பாடுபட்டுத்தான் அறிந்தார்கள். ஒருத்தியின் புருசனை அது எந்த நாளில் விழுங்கியது என்று எங்கள் ஊரில் மட்டும் உடனே சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு இராசியில் எப்போதும் மூன்றுக்கு ஏழரைச் சனி. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் நாற்பது பேர் இருந்தால் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு அது நடந்துகொண்டிருக்கும். அந்தத் தங்கையின் இராசிக்காரர் கொழும்பிலும் கனடாவிலும் எத்தனையோ பேர். அவர்களின் கணவன்மார் 2009 இல் வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஷெல் இராசி கேட்டு விழவில்லை.

சனிக்கிழமை எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுகிறவர்கள் ஏற்றுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தையும் பாருங்கள். சனி தெரியும் மாதங்களில் மற்ற வெள்ளிகளைப்போல் மினுங்காமல், மங்கிய மஞ்சளாய் அசையாமல் நிற்கும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு மட்டும் பூமிப் பக்கம் திரும்பி, வளையமே இல்லாததுபோல் ஆனது. இப்போது திரும்பவும் சிறிது சிறிதாக அகன்று வருகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறிய தொலைகாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதிலேயே தெரியும்.