பொட்டலம் கொடுத்தவன் எங்கே? தூக்குக் கயிறு நம் பிள்ளைக்கு மட்டுமா?



ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பண்டார் தாசிக் செலாத்தான் பஸ் நிலையத்திற்குப் போய் இரவு பஸ் ஏறினால், விடிவதற்குள் சிங்கப்பூர் போய்விடலாம். அங்கே ஒரு வெள்ளி சம்பாதித்தால் இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். பயமில்லாத ஊர், திருட்டு இல்லாத தீவு என்று நாமே புகழ்கிறோம். உண்மைதான். ஆனால் அடுத்தவன் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு பாலம் கடக்கும் ஏழைப் பிள்ளைக்கு அது மரணத் தீவு!

நாகேந்திரன் தர்மலிங்கத்தை மறந்து விட்டோமா? 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது அவருக்கு வயது 21. தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவப் பரிசோதனை சொன்னது. உலகமே மன்றாடியது. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். 2025 செப்டம்பர் 25-இல் தட்சிணாமூர்த்தி காத்தையா. அடுத்த 13-ஆம் நாள், அக்டோபர் 8-இல், ஈப்போவைச் சேர்ந்த பன்னீர் செல்வம் பரந்தாமன். இந்த நாட்டின் மக்கள் தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடு. சாங்கி சிறை வாசலில் அழுது நிற்கும் தாய்மார்களில் மட்டும் நாம் ஏன் இத்தனை பேர்?

சட்டத்தைப் புரிந்து கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின் கடத்தினால் தூக்கு. 15 கிராம் என்பது மூன்று தேக்கரண்டி உப்பின் எடை கூட வராது! பொருள் உங்கள் கையில் இருந்தாலே, அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் முதலிலேயே அனுமானித்து விடும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவன் பொறுப்பு. "கூட்டாளி கொடுத்தான், நான் பிரித்துப் பார்க்கவில்லை" என்ற பேச்சு அங்கே எளிதில் எடுபடாது.

2013 முதல் ஒரு சிறு வழி உண்டு. வெறுமனே சுமந்து சென்றவர் என்று நிரூபித்து, போதைப்பொருள் கும்பலை முறியடிக்க உதவினார் என்று அரசாங்க வழக்கறிஞர் தரப்பு சான்றிதழும் கொடுத்தால், நீதிபதி ஆயுள் தண்டனை வழங்கலாம். பன்னீர் செல்வம் சுமந்து சென்றவர் மட்டுமே என்று உயர்நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. தனக்குத் தெரிந்த தகவலையும் அவர் கொடுத்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை, உயிர் போய்விட்டது. பெரிய முதலாளியை நேரில் பார்த்தே இராத கூலிக்காரன் எந்தத் தகவலைக் கொடுத்து உயிரை மீட்பான்? அதிகம் தெரிந்தவனுக்குப் பிழைக்க வழி, ஒன்றும் தெரியாதவனுக்குக் கயிறு. இதற்குப் பெயர் நீதியா?

"தப்பு செய்தான், அனுபவிக்கட்டும்" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். போதைப்பொருளை நாம் ஆதரிக்கவில்லை. அது நம் வீடுகளைத்தான் முதலில் எரித்தது. தண்டனை கொடுக்கட்டும், சிறையில் வைக்கட்டும். ஆனால் பொட்டலத்துக்குச் சொந்தக்காரன் வெளியே இருக்க, தூக்கிச் சென்றவன் சவப்பெட்டியில் வருவதை எப்படி ஏற்பது?

இந்தப் பிள்ளைகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் கோயிலும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்களில் எத்தனை பேர்! நமக்குப் பக்கத்திலேயே புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, மேடிங்லி, காலோவே தோட்டத்து மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குத் தள்ளினார்கள். ஆலோங் கடன், நிலையில்லாத வேலை, பாதியில் நின்ற படிப்பு. இப்படிப்பட்ட வீட்டுக் கதவைத்தான் கடத்தல்காரன் தட்டுகிறான்.

நம் தலைவர்கள் என்ன செய்தார்கள்? நாகேந்திரன் பிடிபட்டது 2009-இல். நம் பிரதமர் சிங்கப்பூர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது 2021 நவம்பரில், தூக்குத் தேதி குறித்த பிறகு! பன்னிரண்டு ஆண்டுகள் எங்கே போயிருந்தது இந்த அக்கறை? நம் நாட்டில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கு அடியோடு ஒழியவில்லை என்றாலும், எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய நீதிபதிக்கு உரிமை உண்டு. சொந்த மண்ணில் செய்ததை அண்டை நாட்டிடம் கேட்க என்ன தயக்கம்?

தலைவர்கள் விழிக்கும் வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பேசுங்கள்:

யார் கொடுத்தாலும், மாமன் மச்சானே கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காத பொட்டலத்தைத் தொடாதீர்கள். பிரித்துப் பார்த்துச் சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள்.

மோட்டாரை இரவல் கொடுத்தாலும் வாங்கினாலும் எல்லை தாண்டும் முன் சீட்டுக்கு அடியில் பாருங்கள். பெட்டியை நீங்களே அடுக்கிப் பூட்டுங்கள்.

"ஒரு தடவை போய் வா, கடன் தீரும்" என்று ஆலோங் சொன்னால் வீட்டில் சொல்லுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். கடனோடு வாழலாம், கயிற்றோடு வாழ முடியாது.

பிடிபட்டால் மலேசியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். 1963 வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். புரியாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பொட்டலம் கொடுத்தவனைப் பற்றித் தெரிந்ததை முதல் நாளே சொல்லுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது இதுதான். வெளிநாட்டில் மரண தண்டனை வழக்கில் சிக்கும் ஒவ்வொரு மலேசியருக்கும் முதல் வாரத்திலேயே தூதரகமும் வழக்கறிஞரும் துணை நிற்க வேண்டும். பொட்டலம் கைமாறிய இடம் நம் மண் என்றால், கொடுத்தவனை நம் போலீஸ் உடனே தேட வேண்டும். தமிழ்ப்பள்ளியிலும் கோயிலிலும் பஸ் நிலையத்திலும் தமிழில் எச்சரிக்கை வைக்க வேண்டும்.

அனுதாபக் கடிதம் போதும். இனி ஒரு சவப்பெட்டி பாலம் கடந்து வரக்கூடாது!

சிந்திப்பீர்! செயல்படுவீர்!