நடைப்பிணமும் பார்வையாளனும்

ஸோம்பிப் படங்களைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழும்போது இரண்டே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, மூக்கைப் பொத்திக்கொள்ளும் குரல்: ரத்தமும் குடலும், விடலைப் பயல்களுக்கான வியாபாரம், இதற்குப் பக்கம் ஒதுக்குவானேன். மற்றது, இப்போது செல்வாக்குப் பெற்றுவிட்ட குரல்: ஸோம்பி ஒரு குறியீடு, நுகர்வு மோகத்தின் குறியீடு, தொற்றுநோயின் குறியீடு, பெருநகர மனிதனின் குறியீடு. முதல் குரலோடு எனக்குச் சண்டை இல்லை. படம் பார்க்காமலே பேசுகிறவர்கள் எதைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள். என் சண்டை இரண்டாவது குரலோடு. ஒரு படத்தை ரசித்துவிட்டு, ரசித்ததற்கு வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மறைக்க ஓர் அர்த்தத்தைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறார்கள். விமர்சனம் என்ற பெயரில் தங்கள் ரசனைக்கு ஜாமீன் வாங்கும் காரியம் இது.

இவர்களிடம் எளிமையான ஒரு கேள்வி கேட்கலாம். ஸோம்பிப் படம் பார்த்துக்கொண்டிருப்பவன் குதூகலம் அடைகிற கணம் எது? நேர்மையாகச் சொன்னால், தள்ளாடி வந்துகொண்டிருக்கும் உருவத்தின் தலையில் குண்டு பாயும் கணம். அந்த உருவம் நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரன், தாதி, கல்யாண உடையிலேயே செத்துப்போன மணப்பெண். உடுப்பு அதைச் சொல்லிவிடுகிறது. படம் எடுப்பவர்கள் அந்த உடுப்பை வெகு சிரத்தையோடு தேர்ந்தெடுக்கிறார்கள். சுடப்படுவது மிருகமாக இருந்தால் இத்தனை கிளர்ச்சி இராது. மனிதனாக இருந்தால் குற்ற உணர்வு குறுக்கே வந்துவிடும். மனித உருவம் இருக்க வேண்டும், மனிதன் என்ற அந்தஸ்து இருக்கக் கூடாது. இந்த வகைப் படங்களின் விதிகள் அத்தனையும் இந்த ஒரு சௌகரியத்துக்காக ஏற்பட்டவை. அதற்குப் பேச்சு வராது; ஆகவே கெஞ்சாது. ஞாபகம் கிடையாது, ஆகவே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாது. குணப்படுத்த வழி இல்லை. ஆகவே காத்திருக்க வேண்டியதில்லை. கடித்தால் நீயும் அதுவாகிவிடுவாய்; ஆகவே தயங்குவதுதான் குற்றம். கெட்டிக்கார வக்கீல் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

நம் ஊர்ப் பேயை இதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, செத்த விதம் உண்டு, தீராத ஒரு வழக்கு உண்டு. கோடாங்கி உடுக்கையை அடித்ததும் முதலில் கேட்பதே நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்றுதான். பதில் வந்த பிறகே படையலோ பலியோ. பயம் இருந்தாலும் அது பேசித் தீர்க்கக்கூடிய உறவு. ஸோம்பியிடம் நீ யார் என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் பதில் இருக்கிறது. ஸோம்பி பிறந்தது ஹைட்டியில். அந்த மண் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டமாக இருந்த காலத்து ஞாபகம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைக்கு மரணம் ஒன்றுதான் விடுதலை. செத்தால் ஆன்மா தாய்நாடு திரும்பிவிடும் என்று நம்பினான். அந்த மரணத்தையும் மந்திரவாதி ஒருவன் திருடிக்கொண்டு, புதைத்த உடலை எழுப்பி மறுபடியும் வயலில் இறக்கிவிட்டால்? அதுதான் ஸோம்பி. 1791ல் கலகம் செய்து 1804ல் சுதந்திரம் பிரகடனம் செய்த ஜனங்களின் மனசில் மிஞ்சியிருந்த பயம் இது. ஸோம்பி தன்னைக் கடித்துவிடும் என்று அங்கே யாரும் பயப்படவில்லை. தன்னை ஸோம்பி ஆக்கிவிடுவார்கள் என்றுதான் பயந்தார்கள்.

அமெரிக்கா ஹைட்டியை ஆக்கிரமித்துக்கொண்டிருந்தது 1915லிருந்து 1934வரை. அந்தக் காலத்தில் அங்கே சுற்றிய வில்லியம் ஸீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929ல் வெளியிட்ட நூலில் ஒரு கதை இருக்கிறது. ஸோம்பிகளை ஓட்டிவந்து அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனிக்கு வேலை செய்ய விடுகிறார்கள். கூலியை ஓட்டிவந்தவன் வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டும். ஒரு நாள் தவறிப்போய் உப்பு நாக்கில் பட்டுவிடுகிறது. தாங்கள் செத்தவர்கள் என்பது உறைக்கிறது. எவர் தடுத்தும் கேளாமல் தங்கள் குழிகளைத் தேடி நடந்து போய்விடுகிறார்கள். உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று கேட்டுப் பழகிய பாஷைக்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. நடைப்பிணம் என்ற சொல்லையும் நாம் யாரையும் கண்டு பயந்து சொல்வதில்லை. எல்லாவற்றையும் பறிகொடுத்தவனைப் பார்த்துச் சொல்கிறோம். ஹைட்டிக்காரனின் மனசுக்கு, ஹாலிவுட்டைவிட நம் சொல் பக்கத்தில் இருக்கிறது.

சினிமா இந்த உருவத்தைத் தொட்டபோது முதலில் அந்தப் பரிதாபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. 1932ல் விக்டர் ஹால்பெரின் எடுத்த 'ஒயிட் ஸோம்பி' மொத்தத்தில் மட்டமான ஜோடனை; ஒரு வெள்ளைக்காரப் பெண் மந்திரவாதியிடம் சிக்குவதுதான் கதை. ஆனால் சர்க்கரை ஆலைக் காட்சி மட்டும் உண்மையானது. ஆலை கிறீச்சிட்டுக்கொண்டு சுழல்கிறது. ஒருவன் தவறி உள்ளே விழுகிறான். சுற்றுகிற மற்றவர்கள் நிற்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பார்வையாளன் அங்கே செக்கு சுற்றுகிறவர்களுக்குப் பயப்படவில்லை. அவர்களைச் சுற்றவைப்பவனுக்குத்தான் பயப்படுகிறான்.

1968ல் எல்லாம் மாறியது. பிட்ஸ்பர்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோ, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் ஸோம்பி என்ற வார்த்தையே கிடையாது. மந்திரவாதி போய்விட்டான். தோட்டம், ஆலை, எஜமான் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது உடலும் அதன் பசியும் மட்டும். சூறையாடப்பட்டவன் சூறையாட வருகிறவனாக மாறிவிட்டான். இன்றைய ஸோம்பி இந்தப் படத்தின் வாரிசு.

ஆனால் ரொமேரோவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருந்தது. இரவு முழுவதும் ஒரு பண்ணை வீட்டில் தாக்குப்பிடித்த பென், விடிந்ததும் நிலவறையிலிருந்து மேலே வருகிறான். வெளியே ஷெரிஃபின் ஆட்கள், துப்பாக்கிகள், நாய்கள். ஏதோ வேட்டைக்கு வந்த உற்சாகம். ஜன்னலில் ஓர் உருவம் அசைகிறது. கேள்வி கிடையாது. சுடுகிறார்கள். அதன் பிறகு சலனம் நின்றுவிடுகிறது. பத்திரிகைப் புகைப்படங்கள் போன்ற நிழற்படங்களில் அவன் உடலைக் கொக்கிகளால் இழுத்துப்போய் நெருப்பில் போடுகிறார்கள். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பர். நன்றாக நடித்துக் காட்டினார், அதனால் எடுத்தேன் என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஏப்ரலுக்கு ஆறு மாதம் கழித்து, அக்டோபரில் இந்தப் படம் வந்தது. அந்தப் புகைப்படங்கள் எதை ஞாபகப்படுத்தும் என்பதை அமெரிக்கர் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது.

எனக்கு முக்கியம் வேறொன்று. அந்த இரவு முழுவதும் பென் சுட்டபோது பார்வையாளன் அவனோடு சேர்ந்து சுட்டான். இது மனிதன் அல்ல, ஆகவே சுடலாம் என்று ஒவ்வொரு தடவையும் அனுமதி கொடுத்தான். காலையில் ஷெரிஃபின் ஆள் உபயோகிப்பது அதே அனுமதியைத்தான். பார்வையாளன் ரசித்ததற்கான விலைச்சீட்டு கடைசி ஐந்து நிமிஷத்தில் அவன் கையில் திணிக்கப்படுகிறது. படம் கலையாவது அங்கேதான்.

பின்னால் வந்தவர்கள் அந்தப் பிணங்களை எடுத்துக்கொண்டு அந்த விடியற்காலையை விட்டுவிட்டார்கள்.

குறியீட்டு நண்பர்கள் உடனே ரொமேரோவின் 1978ம் வருஷத்து 'டான் ஆஃப் த டெட்' படத்தைக் காட்டுவார்கள். பிணங்கள் பழக்கதோஷத்தில் பெரிய வணிக வளாகத்துக்கு வந்து சுற்றுகின்றன. ஆகவே நுகர்வோர் அனைவரும் ஸோம்பிகள். படத்தின் பாத்திரங்களே கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிடுகின்றன. கண்டுபிடிக்க விமர்சகர் தேவையில்லை. ஆனால் பார்வையாளனை அந்த வளாகத்தில் கட்டிப்போடுவது எது? உயிரோடிருக்கும் நாலு பேர் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்தவற்றைக் கொன்று ஒதுக்கிவிட்டு, எல்லாக் கடைகளும் தங்களுடையவை என்று திரிகிறார்களே, அந்தச் சொர்க்கம். வரிசை இல்லை, விலை இல்லை, மாதக் கடைசி இல்லை. அங்கே ஒரு வங்கியும் இருக்கிறது. இருவர் உள்ளே போய்க் கட்டுக்கட்டாகப் பணத்தை எடுத்து, காமிராவைப் பார்த்துப் போஸ் கொடுக்கிறார்கள். அந்த நோட்டுக்கு இனி மதிப்புக் கிடையாது என்பது அவர்களுக்கே தெரியும். நோட்டு எண்ணிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காட்சியில் அரங்கு எதற்காகச் சிரிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மற்றவர்கள் அத்தனை பேரும் ஒழிந்துபோய், அவர்கள் விட்டுப்போன உலகம் தனக்கு மட்டும் என்ற கனவு அது. அனைவரும் அழியும் கதையைப் பார்க்கும் ஒவ்வொருவனும் தன்னை மிஞ்சுகிறவர்கள் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறான். தள்ளாடும் கூட்டத்தில் தன் முகத்தைத் தேடுகிறவன் யார்?

அப்படித் தேடவைக்க ரொமேரோவே மறுபடி முயன்றார். 1985ல் வந்த 'டே ஆஃப் த டெட்' படத்தில் பப் என்ற பிணத்துக்கு ஒரு டாக்டர் புத்தகமும் தொலைபேசியும் சங்கீதமும் கொடுத்துப் பார்க்கிறார். பழைய ராணுவக்காரனான அது சல்யூட் அடிக்கிறது. நீ யார் என்று ஸோம்பியைக் கேட்ட அபூர்வமான படம். முந்திய படத்தின் வசூல் இதற்குக் கிடைக்கவில்லை. 2013ல் வந்த 'வேர்ல்ட் வார் ஸட்' அந்தச் சங்கடத்தை அடியோடு தீர்த்துவிட்டது. ஜெரூசலத்தின் சுவரில் அவை எறும்புகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிகின்றன. ஒரு முகம்கூடத் தெரியாது. 2016ல் கொரியாவிலிருந்து வந்த 'ட்ரெய்ன் டு பூஸான்' மேலான படம். தப்பி வந்த சக பயணிகளை உள்ளே விடாமல் ரயில் பெட்டியின் கதவை அடைப்பவர்கள் அங்கே உயிருள்ளவர்கள். முடிவில் சுரங்கத்தின் இருட்டிலிருந்து வருகிற இருவரைச் சுட ராணுவத்தானுக்கு உத்தரவாகிறது. சிறுமி பாடுகிறாள், விரல் நின்றுவிடுகிறது. ரொமேரோவின் ஜன்னலுக்கு 48 வருஷம் கழித்து வந்த பதில். ஆனாலும் இதில் ஒரு சலுகை இருக்கிறது. பாட்டு வந்ததால் பிழைத்தாள். தொண்டை அடைத்துப்போயிருந்தால்?

விளையாட்டை விளையாட்டாகப் பாருங்களேன், படம் பார்த்தவன் எவனும் வெளியே வந்து சுடுவதில்லையே என்பார்கள். சரிதான். அவனைப் படம் கொலைகாரனாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. அவனிடம் ஏற்கனவே இருப்பதைப் படம் கண்டுபிடித்துத் தீனி போடுகிறது என்கிறேன். அதே 2016ல் தமிழில் வந்த 'மிருதன்' படத்தின் கதாநாயகன் ஒரு போலீஸ்காரர் என்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. என்கவுன்ட்டர் காட்சிகளுக்கு வெகுகாலமாகக் கைதட்டிவருகிற கூட்டம் நம்முடையது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே கற்பழிப்புக் கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேரை விசாரணைக்கு முன்பே போலீஸார் சுட்டுக் கொன்றபோது, ஜனங்கள் போலீஸார்மேல் பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த குழு பின்னர் சொல்லிற்று. 2022ல் அந்த அறிக்கை வெளிவந்தது. பூத்தூவியவர்கள் யாரும் ஸோம்பிப் படத்தில் பாடம் படித்தவர்கள் அல்ல. ஆனால் இவன் மனிதன் அல்ல, ஆகவே கேள்வி வேண்டாம் என்ற அந்தச் சின்ன மனக்கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கலை இந்த இருட்டுச் சந்தோஷங்களைத் தொடக் கூடாது என்பது என் வாதம் அல்ல. தொட்டே ஆக வேண்டும். தொட்ட பிறகு பார்வையாளனின் கையை அவனுக்கே காட்டுகிறதா என்பதுதான் விஷயம். குறியீடு தேடும் விமர்சகர் அந்தக் கை தன்னுடையதல்ல, சமுதாயத்தினுடையது, முதலாளித்துவத்தினுடையது என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அடுத்த ஸோம்பிப் படத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர், அது எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், சுட்டபோது தான் சந்தோஷப்பட்டேனா என்று தன்னைக் கேட்டு அதை முதல் வரியில் எழுதட்டும். மற்ற அர்த்தங்களை அதற்குப் பிறகு பேசலாம்.