அவசரம் பொறாத மரம்

ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்வோர், தேயிலை மலைகளின் ஓரமெங்கும் வானளாவி நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களைக் கண்டிருப்பர். தடிமனுக்குத் தைலம் தரும் மரமென்றே நம்மிற் பலர் அதனை அறிவோம். அதன் உள்ளுறையும் வலிமையை அறிந்தவர் சிலரே.

அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டை அடைந்தது. காடழிந்த தோட்டங்களிற் காற்றைத் தடுக்கவும், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகாகவும் அதனை நட்டனர். விறகென்று பெயர் வாங்கிய மரத்தை வீட்டினுள் அழைக்க யாருக்கு மனம் வரும்?

எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரின் தந்தையார், மகனின் படிப்புக்கென இம்மரத்தில் மேசையொன்று செய்வித்தார். பல மாதச் சேமிப்பு அது. மூன்றே திங்களிற் பலகை வளைந்து நடுவே பிளந்தது. "விறகு விறகுதான் என்று அப்பா மனம் நொந்துவிட்டார், சேர்" என்றார் மாணவர். குற்றம் மரத்தினுடையதன்று, ஈரம் உலருமுன் இழைத்துப் பொருத்திய அவசரத்தினுடையது என்றோம்.

மரம் உலருங்கால் எல்லாப் பக்கமும் ஒரேயளவிற் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய சுருக்கம், அவற்றுக்குக் குறுக்கேயுள்ள சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ 2 மடங்கு. பலகை வளைவது இதனாலேயே. மேலும், யூக்கலிப்டஸ் வளரும்போதே தன்னுள் இறுக்கத்தைச் சேர்த்து வைப்பதால், வெட்டியவுடன் முனை வெடிப்பதும் உண்டு.

ஆகவே பலகையை அறுத்ததும் இரு முனைகளிலும் மெழுகு பூசுக. நிழலிலே, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுக. 1 அங்குலப் பலகைக்கு ஓராண்டேனும் பொறுத்தல் நன்று. இழைகள் பின்னிக் கிடத்தலின், கூரிய இழைப்புளியால் மெல்லச் சீவுக. துளையிட்ட பின்னரே ஆணி அறைக.

இனமறிதலும் வேண்டும். மலைநாட்டில் வளர்க்கப்பெறும் மைக்ரோகோரிஸ் என்னும் இனம், உலர்ந்த பின்னும் கனமீற்றருக்கு ஏறத்தாழ 1000 கிலோகிராம் நிறையுடையது. அது நீரின் நிறையேயாம். தேக்கோ 650 அளவே. புகையிரதப் பாதைச் சிலிப்பர் கட்டைக்கும் வீட்டுத் தளத்துக்கும் அது உகந்தது. கிராண்டிஸ் என்னும் இனம் இலேசானது. மேசை, நாற்காலிகளுக்கு ஏற்றது.

அத்தந்தையார் இப்போது மீண்டும் பலகை அடுக்கியிருக்கிறார். உயர்தரப் பரீட்சைக்குள் அது உலர்ந்துவிடுமா என்பதே அவர் கவலை. அதுவரை பழைய மேசையிலேயே படிக்குமாறு மகனிடம் கூறினோம். பிளந்த பலகையும் புத்தகத்தைத் தாங்கும். உலராத பலகையோ இன்னொரு முறை அவர் சேமிப்பை உண்ணும்.