இடைவேளைக்கு முன்னால் மாட்டுகிறவர்

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் நெல்லுக்கு அடுத்தபடி அமோகமாக விளைவது எது என்று கேட்டால் தலையாட்டி பொம்மை, வீணை, வெற்றிலை என்பீர்கள். தப்பு. துப்பறிகிறவர்கள்!

சிரிக்காதீர்கள், கணக்குச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர். அந்த ஊர்க்காரர் துரைசாமி ஐயங்கார் தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர். அதை உதறிவிட்டு 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' என்று நாவல்களாக எழுதிக் குவித்தார். அவருடைய 'திகம்பர சாமியார்' 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தபோது துப்பறிகிற சாமியார் யார் தெரியுமோ? எம்.என். நம்பியார். வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுக் குற்றவாளிகளைப் பிடித்தார். பிற்காலத்தில் இவரையே எல்லோரும் பிடிக்க ஆரம்பித்தது வேறு கதை.

அடுத்து, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிடைமருதூர். அங்கே பிறந்தவர் தேவன். 'துப்பறியும் சாம்பு'வைப் பெற்றவர். சாம்பு யார்? வேலை போன பேங்க் குமாஸ்தா. அசட்டுத்தனமாக எதையாவது செய்யப்போக, கேஸ் தானாகத் துலங்கிவிடும். அப்புறம் பரத்-சுசீலா ஜோடியைப் படைத்த பட்டுக்கோட்டை பிரபாகர். ஊரைப் பேரிலேயே வைத்திருக்கிறார், அத்தாட்சி வேண்டாம்.

ஆக, காவிரித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. அதைத்தான் நானும் குடிக்கிறேன். நானும் ஒரு குமாஸ்தாதான். சாம்புவுக்கு நடந்தது எனக்கு நடக்கக்கூடாதா?

2023 ஜூனில் 'போர் தொழில்' வந்தது. விக்னேஷ் ராஜா டைரக்‌ஷன். திருச்சியைச் சுற்றி வரிசையாகக் கொலைகள். விறைப்பான சீனியர் அதிகாரி சரத்குமார், புத்தகம் படித்தே போலீஸான பயந்த ஜூனியர் அசோக் செல்வன். இந்தப் படம் வருவதற்குச் சில நாட்கள் முன்னால்தான், மே 22-ம் தேதி, இதில் நடித்திருந்த சரத்பாபு காலமாகியிருந்தார். எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் நண்பனும் நானும் செகண்ட் ஷோ போனோம். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) காலத்திலெல்லாம் கொலைகாரன் பெரிய நகரத்தில் இருப்பான், நாம் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கலாம். 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் நியூயார்க் வரை போனான், இன்னும் நிம்மதி. இப்போது திருச்சிக்கே வந்துவிட்டான். திருச்சிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ்தான்!

படம் விட்டு வந்து டீ குடிக்கும்போது டெஸ்பாட்ச் சொன்னான்: "மாப்ள, ஒண்ணு கவனிச்சியா? எல்லாப் படத்துலயும் அவன் ஒரே மாதிரிதான். தனியா இருப்பான். அதிகமா பேச மாட்டான். ராத்திரிதான் நடமாட்டம். கையில ஒரு பை."

நான் தலையை ஆட்டி வைத்தேன்.

ஆடி மாசம் எங்கள் நகரில் அவர் குடிவந்தார்.

'நகர்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தஞ்சாவூருக்கு வெளியே, பத்து வருஷம் முன்புவரை நாற்று நட்டுக்கொண்டிருந்த வயல். இப்போது நாற்பது வீடு, ஒரு ஆர்ச், ஒரு பிள்ளையார், ஒரு வாட்ஸ்அப் குரூப். மூன்று பக்கமும் இன்னும் வயல்தான். நாங்கள் எல்லோரும் ஆபீஸ் ஆசாமிகள். பக்கத்து வயலில் நிற்பது குறுவையா சம்பாவா என்று கேட்டால் கூகுளைப் பார்ப்போம்.

எனக்கு எதிர்வீட்டுப் பின்கட்டு அறையை ஒருவர் வாடகைக்கு எடுத்தார். ஐம்பது வயசிருக்கும். ஒல்லி. தனி ஆள். 'வணக்கம்' சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். சாயங்காலம் பொழுது இறங்கும்போது பழைய மொபெட்டில் கிளம்புவார். பின்னால் ஒரு கோணிச் சாக்கு. எட்டு, ஒன்பது மணிக்கு வருவார். மறுபடி விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு கிளம்புவார். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு. குழாயடியில் கையை வெகு நேரம் கழுவுவார்.

தனி ஆள், பேச்சில்லை, ராத்திரி, பை. நாலுக்கு நாலு!

டெஸ்பாட்சுக்குப் போன் போட்டேன். "மாப்ள, அவசரப்படாதே. எவிடென்ஸ் வேணும்" என்றான் சரத்குமார் குரலில்.

எவிடென்ஸ் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அவர் அறை வாசலில் சாக்கைக் கொட்டி ஏதோ சரி பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போடுகிற பாவனையில் பார்த்தேன். வளைத்த மூங்கில் துண்டுகள். கயிறு. ஒரு சின்னக் கத்தி. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். அவர் உள்ளே போன சமயம், தபால்காரரைத் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் நடந்து நோட்டை எட்டிப் பார்த்தேன்.

'செவ்வாய் 31. புதன் 27. வியாழன் 40.'

எனக்கு வியர்த்துவிட்டது. டெஸ்பாட்ச் மட்டும் கொஞ்சம் தயங்கினான். "வியாழக்கிழமை ஒரு நாள்ல நாப்பதா? பேப்பர்ல ஒண்ணும் வரலையே மாப்ள..."

அந்த ஒரு கேள்வியை அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம். நானாவது கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மொபெட்டில் போகிற அவர் முதுகைப் போட்டோ எடுத்து, நகர் குரூப்பில் போட்டேன். 'நம் பகுதியில் சந்தேகப்படும்படியான நபர். இரவில் நடமாடுகிறார். அனைவரும் உஷார்.' அவ்வளவுதான். பொய் ஒரு வார்த்தை கிடையாது. எனக்குச் சந்தேகம் இருந்தது, அவர் நடமாடினார். இலக்கணப்படி எல்லாம் சரி.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் இருந்தபோது என் செய்தி எனக்கே வேறு குரூப்பிலிருந்து வந்து சேர்ந்தது. அதே முதுகு. வாசகம் மட்டும் வளர்ந்திருந்தது: 'பிள்ளை பிடிக்கும் கும்பல். சாக்கு மூட்டையுடன் சுற்றுகிறார்கள். உங்கள் குழந்தைகளைக் காப்பாற்ற அதிகம் பகிரவும்.'

வயிற்றில் ஏதோ புரண்டது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் நடந்தது ஞாபகம் வந்தது. குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம். வழி கேட்க இறங்கிய இடத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் ஒரு பாட்டியம்மா. பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊரே கூடி அடித்ததில் உயிர் போய்விட்டது. அதற்கும் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திதான். அதையும் யாரோ ஒரு உஷார் பேர்வழிதான் முதலில் எழுதியிருப்பான்.

பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். அன்றைக்கென்று பார்த்து அந்த பஸ் எல்லா ஸ்டாப்பிலும் நின்றது.

நான் போய்ச் சேர்வதற்குள் வாய்க்கால் பாலத்தில் கூட்டம். பதினைந்து பேர் இருக்கும். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். பேங்க், எல்.ஐ.சி., ஒரு வாத்தியார். இரண்டு பேர் கையில் கம்பு. மொபெட் சாய்ந்து கிடந்தது. அவர் சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. "சாக்குல என்னடா?" என்று ஒருத்தர் பிடுங்கிக் கொட்ட, மூங்கில் துண்டுகள் சிதறின. ஒன்றை எடுத்து ஆராய்ந்த வாத்தியார் விரலில் அது 'டக்'கென்று மாட்டிக்கொள்ள, அவர் போட்ட கூச்சலில் வயலிலிருந்து ஒரு பெரியவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"ஏய், ஏய்! என்னய்யா பண்றீங்க? இவரு கிட்டி வைக்கிறவருய்யா! நாங்கதான் கூட்டியாந்தோம்!"

"கிட்டின்னா?" என்றது பி.காம்., எம்.காம்., பி.எட். அடங்கிய கூட்டம்.

தெரியாதவர்களுக்கு (எனக்கும் அன்றுதான் தெரியும்): தஞ்சாவூர் கிட்டி என்பது எலிப்பொறி. மூங்கில் வில், கயிறு, நடுவில் தீனி. எலி கழுத்தை நீட்டித் தீனியைத் தொட்டதும் கட்டு விடுபட்டு வில் நிமிரும். கயிறு இறுக்கிவிடும். விஷம் இல்லை, கரண்ட் இல்லை. பயிர் தூர் கட்டுகிற சமயத்தில் எலி ராத்திரியில் வந்து தண்டைக் கத்தரித்துப் போட்டுவிடும். அதனால் பொழுது சாய்கிறபோது வரப்போரமாகக் கிட்டிகளை வைத்துவிட்டு, விடிவதற்குள் போய் எடுக்க வேண்டும். எலி எண்ணிக்கைக்குத்தான் கூலி.

செவ்வாய் 31. புதன் 27. வியாழன் 40.

ஆமாம், அவர் தொடர் கொலைகாரர்தான். ஒரே முறை, ஒரே ஆயுதம், ராத்திரி வேளை. அவரால்தான் அந்த வட்டாரத்துக் குறுவை வீடு வந்து சேர்கிறது. நாம் ஆபீஸ் கேன்டீனில் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற சோறு.

கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஸாரி" சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அவசர வேலை. அவர் யாரையும் திட்டவில்லை. குனிந்து கிட்டிகளைப் பொறுக்கி எண்ணினார். ஆறு மிதிபட்டு உடைந்திருந்தது. நானும் கூட நின்று பொறுக்கிக் கொடுத்தேன். "நல்லா இருங்க தம்பி" என்றார். போட்டோ எடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிரவு தூக்கமில்லை. இந்தப் படங்களில் எல்லாம் ஒருவர் வருவார், கவனித்திருக்கிறீர்களா? இடைவேளைக்கு முன்னால் மாட்டுகிறவர். அவர்தான் கொலைகாரன் என்று நாமும் நம்புவோம், ஹீரோவும் நம்புவார். லாக்கப்பில் வைத்துப் பின்னி எடுப்பார். அப்புறம் இன்னொரு கொலை விழும். 'இவன் இல்லை' என்று தெரிந்ததும் ஹீரோ வெளியே ஓடுவார், கேமராவும் அவர் பின்னாலேயே ஓடிவிடும். அடி வாங்கியவர் வீட்டுக்கு எப்படிப் போனார், பெண்டாட்டியிடம் என்ன சொன்னார், தெருவில் அடுத்த நாள் எப்படி நடந்தார், எந்த டைரக்டரும் காட்டியதில்லை. நாமும் பாப்கார்ன் வாங்கப் போய்விடுவோம்.

நிஜத்தில் நடந்ததையும் பாருங்கள். 1968-ல் பம்பாயையே நடுங்க வைத்த ராமன் ராகவை, அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற சப்-இன்ஸ்பெக்டர் தெருவில் பார்த்து, அடையாளம் பொருந்துகிறதே என்றுதான் நிறுத்தினார். ஆனால் நிறுத்தியதோடு தீர்ப்பு எழுதிவிடவில்லை. கூட்டிப்போய் விசாரித்து, பழைய கைரேகையோடு ஒப்பிட்டுத்தான் ஆள் இன்னார் என்று முடிவுக்கு வந்தார்கள். கொலைகாரனுக்கே அவ்வளவு நிதானம். எலி பிடிக்கிறவருக்கு நான் 'எங்கண்ணே போறீங்க?' என்று ஒரு வார்த்தை செலவழிக்கவில்லை.

காலையில் போனேன். உடைந்த கிட்டிக்குப் புது மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே... அந்த மெசேஜ் போட்டது நான்தான்."

கத்தி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சீவ ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஊர்ல மகளுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பாத்திருக்கோம். அந்தப் போட்டோ அவங்களுக்கும் வந்துட்டாம். நைட்டு போன் பண்ணி, என்ன விஷயம்னு கேட்டாங்க."

உடைந்த கிட்டிக்குப் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "அதைத் தூக்கிட்டு வாங்க" என்று சாக்கைக் காட்டினார். மொபெட்டில் ஏற்றிக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டு நம்பரை வாங்கி, நானே பேசினேன். நான் இன்ன ஆபீஸில் இன்ன வேலையில் இருக்கிறேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, பாக்கறோம்" என்றார்கள். 'பாக்கறோம்' என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி பிறப்பதற்குள் அவர் அறையைக் காலி செய்துவிட்டார். கல்யாணம் நடந்ததா என்று தெரியவில்லை.

குரூப்பில் என் செய்தியை அன்றைக்கே அழித்துவிட்டேன். அழிந்தது என் போனில்தான். போன வருஷம் கும்பகோணத்து மாமா ஒருவர் அனுப்பினார்: 'உஷார்!' அதே மொபெட், அதே சாக்கு, அதே முதுகு. அப்புறம் மாயவரத்திலிருந்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் நான் பதில் எழுதுகிறேன்: 'இவர் எலி பிடிப்பவர். நல்லவர். இந்தப் போட்டோவை எடுத்தவன் நான்தான். தப்பான செய்தி.'

இதுவரை நாலு குரூப்பில் எழுதியாயிற்று. அதை மட்டும் ஒருத்தரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.