சினிமாப் பிரதியும் குண்டர் சட்டமும்

சினிமாப் படங்களை அனுமதியின்றிப் பிரதி செய்து இண்டர்நெட்டு மூலம் அனுப்புகிறவர்களை இன்னும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று, பெரிய படம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் சினிமா முதலாளிகள் கூக்குரலிடுவது வழக்கமாகிவிட்டது. சர்க்காரும் அக்கூக்குரலுக்குச் செவிசாய்த்து, சட்டத்தின் மேல் சட்டமாகச் செய்துகொண்டே வந்திருக்கிறது. அச்சட்டங்களின் யோக்கியதை என்ன என்பதைப் பொது ஜனங்கள் சிந்திப்பதாகக் காணோம். ஆகவே அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுவது நமது கடமையாகும்.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் பிறந்த காலத்தில் இக்குற்றத்துக்கு அதிகபட்சம் ஒரு வருஷ ஜெயில்தான். இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையும் கிடையாது. வீடியோ காசெட்டுகள் பெருகிய காலத்தில், 1984-ல், அது மூன்று வருஷமாக்கப்பட்டது. 6 மாதத்துக்குக் குறையாத ஜெயிலும், ரூ.50,000-க்குக் குறையாத அபராதமும் கட்டாயமாயின. லாபம் கருதாமல் செய்தவனுக்கு மட்டும், ஜட்ஜு காரணம் எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டானது, இக்குற்றத்துக்கு வாரண்டில்லாமலே கைது செய்யலாம், இது ஜாமீன் உரிமையில்லாத குற்றம் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதாவது சலுகை கிடைப்பது தீர்ப்பு நாளில். ஜெயில் வாசமோ முதல் நாளிலேயே ஆரம்பமாகிவிடலாம்!

இது போதாதென்று 2023-ல் சினிமாச் சட்டமும் திருத்தப்பட்டது. கொட்டகையில் அனுமதியின்றிப் படம்பிடிப்பவனுக்கும், திருட்டுப் பிரதியை லாபத்துக்குக் காட்டுகிறவனுக்கும் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், ரூ.3 லட்சம் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு 5 பங்கு வரை அபராதம். 100 கோடி செலவான படமென்றால் அபராதம் 5 கோடி வரை போகலாம். நடிகருடைய சம்பளம் ஏற ஏறக் குற்றவாளியின் அபராதமும் ஏறும் என்றால், இது நீதிக் கணக்கா, வியாபாரக் கணக்கா என்று கேட்கிறோம்.

இவையெல்லாவற்றையும்விட அக்கிரமமானது நமது மாகாணத்துக் குண்டர் சட்டமாகும். 1982-ம் வருஷத்து இச்சட்டத்தில் 2004-ல் "வீடியோ திருடர்" என்ற இனமும் சேர்க்கப்பட்டது. பொது அமைதிக்குக் கேடு என்று அதிகாரி கருதி உத்தரவு போட்டால், விசாரணையின்றியே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமையில்லை. ஒரு சினிமாப் படத்தைப் பிரதி செய்வதால் எந்த ஊரின் அமைதி கெட்டது? கெட்டது முதலாளியின் வசூல். வசூலுக்குப் பொது அமைதி என்று பெயர் வைப்பது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!

நிற்க, மற்றச் சட்டங்களோடு இதை ஒத்துப் பார்ப்போம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய தண்டனைச் சட்டப்படி, ரூ.5,000-க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை. மலக்குழிக்குள் மனிதனைப் பாதுகாப்பின்றி இறக்குகிறவனுக்கு 2013-ம் வருஷத்துச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 2 வருஷம். அல்லது வெறும் அபராதத்தோடும் போய்விடலாம். மனித உயிரோடு விளையாடுகிறவனுக்குக் கட்டாய ஜெயில் இல்லை. படம் அனுப்பினவனுக்கு உண்டு. இதுதான் நம் நாட்டுச் சட்டத்தின் தராசு!

திருட்டுப் பிரதி நல்ல காரியம் என்று நாம் சொல்ல வரவில்லை. உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டைத் திருடினால் உடையவனிடம் ஆடு இல்லை. படத்தைப் பிரதி செய்தால் படம் அவனிடமே இருக்கிறது, வரும்படி மாத்திரம் குறையலாம். வரும்படி நஷ்டத்துக்குப் பரிகாரம் நஷ்டஈடும் தடையுத்தரவுந்தான். அவற்றுக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. பாட்டெழுதினவனும் இசையமைத்தவனும் தங்கள் ராயல்டி உரிமையை ஒப்பந்தத்தில் முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற நிலைமைக்கு 2012-ல்தான் சட்டம் தடை போட்டது. அதுவரை அதை அனுபவித்த முதலாளிகளில் யாரையாவது "குண்டர்" என்று சொன்னதுண்டா?

கடுந்தண்டனை இருந்தால் குற்றம் ஒழியும் என்பது, நரகத்தைக் காட்டினால் பாவம் ஒழியும் என்ற புரோகிதன் பேச்சுக்கு அண்ணன் தம்பியே ஆகும். எண்ணெய்க் கொப்பரையை எத்தனையோ தலைமுறைகளாகக் காட்டியும் எந்த ஊரில் திருட்டு ஒழிந்தது? 1984 முதல் தண்டனை ஏறிக்கொண்டே வந்தும், காசெட்டு போய்த் தகடு வந்தது; தகடு போய்ச் செல்போன் வந்தது; பிரதி எடுப்பது மாத்திரம் நிற்கவில்லை. ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் படம் கிடைக்கச் செய்வதே பகுத்தறிவுக்கு ஒத்த வழி.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான்: குண்டர் சட்டத்திலிருந்து வீடியோ இனத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும். லாபமில்லாமல் பகிர்ந்துகொள்ளுகிறவனுக்கு ஜெயிலே கூடாது. நஷ்டஈட்டோடு விட வேண்டும். திருட்டையே தொழிலாக நடத்துகிறவனைக் கோர்ட்டில் விசாரித்து, அவன் சம்பாதித்ததைப் பறிமுதல் செய்யட்டும், நாம் தடுக்கவில்லை. செல்போனில் ஒரு பொத்தானை அழுத்திய பையனைக் கொலைகாரனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருப்பது சுயமரியாதையுள்ள ஜனங்களுக்கு அழகல்ல என்பதே நமது அபிப்பிராயம். சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை வாசகர்கள் இக்கேள்வியைக் கேட்பார்களாக!